ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவின் தங்கக் கடிகாரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆலைகளில் குழந்தைகளின் வேலையைக் கட்டுப்படுத்திய பிரிட்டனின் ஆலைச் சட்டங்களைப் பற்றிய தங்கள் கட்டுரையில் ஏழாவது ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவைப் புகழ்ந்திருந்தீர்கள். அரண்மனை போன்ற வீட்டில் பிறந்தவருக்கு ஆலைக் குழந்தைகளின் துன்பம் எப்படி விளங்கியது? தம் குடும்பத்துக்கு அவர் எப்படிப்பட்டவராக இருந்தார்?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

1801ஆம் ஆண்டு லண்டனில் பிறந்த, பின்னாளில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபுவான அந்தோணி ஆஷ்லி கூப்பருக்கு வீட்டில் எல்லாம் இருந்தன, பெற்றோரின் அன்பைத் தவிர. தந்தை கண்டிப்பு மிக்கவர். மார்ல்பரோ கோமகனின் மகளான தாய் பிள்ளைகளைப் பொருட்படுத்தவில்லை. அந்த வீட்டில் அவரை அருகில் அமர்த்திக்கொண்டு பிரார்த்தனை சொல்லிக் கொடுத்தவர் மரியா மில்லிஸ் என்ற பணிப்பெண். சிறுவனைச் சிஸ்விக்கிலிருந்த விடுதிப் பள்ளிக்கு அனுப்பினார்கள். அங்கு அவர் பட்ட கொடுமைகளை முதுமையிலும் நடுக்கத்தோடுதான் நினைவுகூர்ந்தார். அந்த நாட்களிலேயே மரியாவும் இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற தங்கக் கடிகாரத்தைத்தான் ஷாஃப்ட்ஸ்பரி வாழ்நாள் முழுவதும் அணிந்திருந்தார். ஆலைக் குழந்தைகளின் துன்பம் அவருக்கு விளங்கிய வழி இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

1842இல் அவர் கொண்டுவந்த சுரங்கச் சட்டம் பெண்களும் பத்து வயதுக்கு உட்பட்ட சிறுவர்களும் நிலத்தடியில் வேலை செய்வதைத் தடுத்தது. புகைபோக்கிகளுக்குள் ஏறித் துடைக்கும் சிறுவர்களுக்காக அவர் நடத்திய போராட்டமோ 1875 வரை நீண்டது. இவரே 1832இன் வாக்குரிமைச் சீர்திருத்தத்தை எதிர்த்தவர் என்பதையும் சொல்லியாக வேண்டும். ஏழைகளைக் காப்பது பிரபுக்களின் கடமை என்று நம்பிய அவர், ஆட்சி ஏழைகளின் கைக்குப் போவதை விரும்பவில்லை. அவருடைய பார்வையின் பெருங்குறையாகவே இதை நான் கருதுகிறேன்.

தாம் பெறாத அன்பை அவர் தம் பிள்ளைகளுக்குக் குறைவின்றிக் கொடுத்தார். 1830இல் எமிலி கௌப்பரை மணந்தார். பின்னாளில் பிரதமரான பாமர்ஸ்டனை எமிலியின் தாய் மறுமணம் செய்துகொண்டார். கணவர் பழமைவாத டோரி கட்சிக்காரர், மனைவி அதன் எதிர்க்கட்சியான விக் கட்சிக் குடும்பத்தவர். இருந்தும் அந்த இல்லறம் இணக்கமாகவே இருந்தது. பத்துப் பிள்ளைகளில் பிரான்சிஸ் ஹாரோ பள்ளியில் படிக்கும்போதே 1849இல், பதினாறு வயதில் இறந்தான். வலிப்பு நோயால் வாடிய மாரிஸ் 1855இலும், மகள் மேரி 1861இலும் போனார்கள். 1872இல் எமிலியும், அதே ஆண்டின் முடிவுக்குள் மகள் கான்ஸ்டன்ஸும் மறைந்தார்கள்.

பணத்துக்கும் அவர் திண்டாடினார். தென் இங்கிலாந்தின் டார்செட் வட்டார விவசாயக் கூலிகளின் அவல நிலையை அவர் வெளிப்படையாகப் பேசியது, அங்கே பெரும் நிலம் வைத்திருந்த தந்தையின் சினத்தைக் கிளறியது. 1851இல் தந்தை இறந்தபின் பிரபுப் பட்டத்தோடு அவர் கைக்கு வந்தவை கடனும், இடிந்து கிடந்த கூலிக் குடிசைகளும்தான். அந்தக் குடிசைகளைச் சீரமைக்க மேலும் கடன் வாங்கினார்.

1885 அக்டோபரில் அவர் இறந்தபோது வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் இரங்கல் வழிபாடு நடந்தது. அங்கேயே அடக்கம் செய்யவும் முன்வந்தார்கள். அவரோ எமிலி உறங்கும் விம்போர்ன் செயின்ட் கைல்ஸ் என்ற தம் சிற்றூரில் புதைக்கப்படுவதையே விரும்பியிருந்தார், அவ்வாறே செய்தார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்