குடிமக்கள் எல்லாரிடமும் ஆயுதம் இருந்தால் சமூகம் நாகரிகமடையுமா?

எல்லார் இடுப்பிலும் துப்பாக்கி இருந்தால் எவரும் வாலாட்டமாட்டார்கள் என்போர், அமெரிக்காவின் பழைய மேற்குப் பகுதியைச் சான்றாகக் காட்டுவதுண்டு. அந்த வரலாறோ அவர்களுக்கு எதிராகவே பேசுகிறது. அரிசோனாவின் டூம்ஸ்டோன் என்னும் வெள்ளிச் சுரங்க நகரம், 1881 ஏப்ரலில், ஊருக்குள் ஆயுதம் தாங்கி நடமாடுவதைத் தடை செய்தது. வெளியூரார் வந்திறங்கியதும் குதிரை லாயத்திலோ மதுக்கடையிலோ துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும். அவ்வாண்டு அக்டோபர் 26 அன்று மூவர் உயிரைக் குடித்த ஓ.கே. கொரால் என்னும் குதிரைத் தொழுவத்தருகே நடந்த துப்பாக்கி மோதல், முன்பகை ஒருபுறமிருக்க, அந்தத் தடையை மீறியவர்களிடம் ஆயுதத்தைப் பறிக்க ஊர்க் காவலர்கள் போன இடத்தில்தான் வெடித்தது (பறிக்கப் போனவர்களும் உத்தமர்கள் அல்லர்). அவர்கள் அடுத்த சான்றாகச் சொல்லும் சுவிட்சர்லாந்தில், வீட்டிலிருக்கும் துப்பாக்கி பெரிதும் கட்டாயப் படைச்சேவையோடு வந்தது. அதற்கான தோட்டாக்களை வீட்டில் வைக்கும் வழக்கத்தையும் 2007-இல் கைவிட அந்நாட்டவரே முடிவெடுத்தார்கள்.