மின் இருசக்கர வாகன விதிகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் வாங்கவிருக்கும் மின் ஸ்கூட்டருக்கு லைசென்ஸோ பதிவோ தேவையில்லை என்கிறார் கடைக்காரர். உண்மையா?

பதில்: மாடலையும் மோட்டார் திறனையும் எழுதாமல் இப்படிக் கேட்பவர்களுக்கு எதைச் சொல்வது? லைசென்ஸும் பதிவும் தேவையில்லை என்றால், மோட்டாரின் 30 நிமிடத் திறன் (அரை மணி நேரம் தொடர்ந்து தரக்கூடிய திறன்) 250 வாட்டுக்கும், உச்ச வேகம் மணிக்கு 25 கி.மீ.க்கும் குறைவாக இருக்க வேண்டும். பேட்டரி நீங்கலான எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட சோதனை முகமையின் வகை ஒப்புதலும், அதாவது அந்த மாடல் விதிகளுக்கு உட்பட்டது என்ற சான்றும் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் அது மோட்டார் வாகனமே. ஒப்புதல் சான்றிதழின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: சொந்த மின் ஸ்கூட்டரின் பச்சை நம்பர் பிளேட்டில் எழுத்துகள் எந்த நிறம்?

பதில்: வெள்ளை. வாடகை வண்டிக்கு மஞ்சள்.

கேள்வி: மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலரில் ஓர் ஒயரைக் கழற்றினால் என் 25 கி.மீ. வண்டி 45 வரை ஓடும் என்கிறார் மெக்கானிக். கழற்றலாமா?

பதில்: கூடாது. வாரந்தோறும் இதே கேள்வி வருகிறது; 'லைசென்ஸ் வேண்டாம்' என்று பலகை வைத்து விற்றுவிட்டு, அதே கடையிலேயே வேகத் தடையை இலவசமாக நீக்கித் தருகிறவர்கள்தான் இதற்கு முதல் காரணம் என்று நான் பலமுறை எழுதிவிட்டேன். அந்த ஒயரைக் கழற்றிய நொடியிலேயே உங்கள் வண்டி, பதிவும் காப்பீடும் இல்லாத மோட்டார் வாகனமாகிவிடுகிறது. உரிமமின்றி ஓட்டுவதற்கு 5,000 ரூபாய், காப்பீடின்றி ஓட்டுவதற்கு 2,000 ரூபாய், பதிவின்மைக்குத் தனி அபராதம் என்று கணக்கு ஏறும். அபராதமாவது கட்டித் தீர்க்கக்கூடியது. ஒருவர் மீது மோதிவிட்டால், தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீடு பல லட்சமானாலும் அதை உங்கள் கையிலிருந்தே கொடுக்க வேண்டியிருக்கும்; தடையை நீக்கித் தந்த கடைக்காரர் அப்போது உங்கள் பக்கத்தில் நிற்க மாட்டார். மேலும், 25 கி.மீ. வேகத்துக்கென அமைத்த பிரேக்கும் டயரும் 45 கி.மீ. வேகத்தைத் தாங்கும் என்று எந்தச் சான்றிதழும் சொல்லவில்லை.

கேள்வி: 15 வயது மகன் டியூஷனுக்குப் பதிவு பெற்ற மின் ஸ்கூட்டரில் போகலாமா?

பதில்: போகக் கூடாது. பிடிபட்டால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 25,000 ரூபாய் அபராதமும் மூன்றாண்டு வரை சிறையும் உண்டு. வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். மகனுக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது.

கேள்வி: மிதிவண்டியில் மோட்டார் கிட் பொருத்தினால் விதிவிலக்கு உண்டா?

பதில்: மிதிப்பதை நிறுத்தினாலோ வேகம் 25 கி.மீ.யை எட்டினாலோ மோட்டாரின் உதவி நின்றுவிட வேண்டும். ஆக்சிலரேட்டரைத் திருகினால் மட்டும் ஓடும் கிட் இதில் சேராது. இங்கும் வகை ஒப்புதல் சான்றிதழைக் கேளுங்கள்.

கேள்வி: குறைவேக வண்டிக்கு ஹெல்மெட் கட்டாயமா?

பதில்: மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் அணியுங்கள்.