ஓட்டோ கியர் ஸ்போர்ட்ஸ் காருக்கு வயதாகும்போது பிக்கப் ஏன் குறைகிறது?

கேட்டவர் தந்திருக்கும் விபரம் இது: ஜப்பானில் பாவித்து இறக்குமதியான ஸ்போர்ட்ஸ் கார், வயது பன்னிரண்டுக்கு மேல், ஓட்டோ கியர். கொழும்பில் வாங்கி நுவரெலியாவில் ஓடுகிறது. மேட்டில் இழுவை இல்லை. கராஜில் கியர்பொக்ஸைக் கழற்ற வேண்டும் என்கிறார்கள்.

இப்போதைக்குக் கழற்றக் கொடுக்காதீர்கள். முதலில் உயரத்தின் பங்கைக் கழித்துப் பார்க்க வேண்டும். மலைநாட்டில் பலர் இதைச் செய்யாமலே கியர்பொக்ஸுக்குக் காசைக் கொட்டுகிறார்கள்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் காற்றழுத்தம் 101 கிலோபஸ்கால் என்றால் இங்கே ஏறக்குறைய 81 தான். குளிர் கொஞ்சம் ஈடு செய்தாலும், டர்போ இல்லாத என்ஜினுக்குள் போகும் காற்று 16 வீதம் அளவில் குறைந்துவிடும். பவரும் அதே அளவில் குறையும். 200 குதிரைவலு கார் இங்கே 170க்குக் கிட்டத்தான் தரும். அட்டனில் இழப்பு 11 வீதம் வரை. கண்டியில் ஐந்து வீதத்துக்குள் என்பதால் பெரிதாகத் தெரியாது. இது புதுக் காருக்கும் உள்ளதுதான்.

இதனால் கராஜில் எடுக்கும் அளவுகளும் மாறிவிடும் என்பதுதான் பெரிய சிக்கல். கம்ப்ரெஷன், அதாவது சிலிண்டருக்குள் காற்று நெருக்கப்படும் அழுத்தம், பார்த்தால் கொழும்பில் 180 பி.எஸ்.ஐ காட்டும் சிலிண்டர் நுவரெலியாவில் 150 காட்டும். அதைப் பார்த்து 'பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது' என்று சொல்லிவிடுவார்கள். இங்கே சிலிண்டர்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். கூடியதற்கும் குறைந்ததற்கும் இடையே 15 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால்தான் என்ஜின் மேல் சந்தேகம். அளக்கும்போது எக்ஸலேட்டரை முழுவதும் மிதித்திருக்க வேண்டும், பெட்டரி நல்ல சார்ஜில் இருக்க வேண்டும். என்ஜின் காற்றை உறிஞ்சும் வலுவைக் காட்டும் வெக்யூம் கேஜும் அப்படித்தான்: கொழும்பில் 20 அங்குலம் காட்டும் கார் இங்கே 14 காட்டினால் பழுது இல்லை. காரின் கம்பியூட்டரைப் படிக்கும் ஓ.பி.டி ஸ்கேனரில், முழு எக்ஸலேட்டரில் மெனிஃபோல்ட் (என்ஜினுக்குள் காற்று போகும் குழாய்) அழுத்தம் 80 கிலோபஸ்கால் அளவில் நின்றால், காற்று தடையில்லாமல் போகிறது என்று அர்த்தம்.

உயரத்தைக் கழித்த பிறகும் இழுவை போதவில்லை என்றால் ஒரே ஒரு கேள்வி: மிதிக்கும்போது ஆர்.பி.எம் (என்ஜினின் சுற்று வேகம்) ஏறுகிறதா, இல்லையா? முள் 4000, 5000 என்று பாய்ந்தும் கார் அதற்கேற்ற வேகம் எடுக்கவில்லை என்றால் பவர் கியர்பொக்ஸில் வழுக்குகிறது. முள்ளே சோம்பலாக ஏறுகிறது, 3500இல் முட்டிக்கொண்டு நிற்கிறது என்றால் கோளாறு என்ஜினில், சைலன்சர் பக்கத்தில், அல்லது சக்கரத்தை எதுவோ பிடித்து வைத்திருக்கிறது. அந்த நிலையில் கியர்பொக்ஸைக் கழற்றினால் காசு வீண்.

கியர்பொக்ஸ் பக்கம் வயதோடு என்ன நடக்கிறது என்று பார்ப்போம். உள்ளே ஒவ்வொரு கியரையும் பிடிப்பது காகித நார் ஒட்டிய கிளட்ச் பிளேட்டுகள். அவற்றை நெருக்குவது ஒயில் அழுத்தம். ஒயில் பழசாகும்போது அதில் கலந்திருக்கும் உராய்வுச் சேர்மானங்கள் தீர்ந்துவிடும், பிளேட்டின் முகம் கண்ணாடி போல மினுமினுப்பாகிவிடும், பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல்கள் இறுகி ஒயிலைக் கசியவிடும். ஒயிலின் வெப்பம் 80 பாகைக்கு மேல் ஒவ்வொரு 10 பாகை ஏறும்போதும் அதன் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது கியர்பொக்ஸ் வேலை செய்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. கம்பளையிலிருந்து ரம்பொடை வழியாக ஏறும்போது 1400 மீற்றர் உயரம் ஒரே மூச்சில் ஏறுகிறீர்கள். அந்த வளைவுகளில் வேகம் 30, 40ஐத் தாண்டாது. என்ஜினையும் கியர்பொக்ஸையும் ஒயில் மூலம் இணைக்கும் டோர்க் கொன்வேர்ட்டரின் லொக்-அப், அதாவது இரண்டையும் நேராகப் பூட்டும் கிளட்ச், பிடிக்காது. பிடிக்காத நேரம் முழுவதும் ஒயில் கலக்கப்பட்டுச் சூடாகிக்கொண்டே இருக்கும். சமவெளியில் 80,000 கிலோமீற்றர் தாங்கும் ஒயிலை மலையில் 40,000க்கு மேல் நம்பாதீர்கள் என்பதே என் அபிப்பிராயம். 'ஆயுளுக்கும் மாற்றத் தேவையில்லை' என்று எழுதியிருந்தாலும் இங்கே அதை ஏற்க முடியாது.

அடுத்தது வால்வ் பொடி (valve body), ஒயிலை எந்தக் கிளட்சுக்கு அனுப்புவது என்று பிரித்துவிடும் பகுதி. பலர் கேள்விப்படாதது, ஆனால் வயதான ஓட்டோ கியரில் எனக்கு முதல் சந்தேகம் இதன் மேல்தான். அலுமினியக் குழாய்க்குள் சின்னச் சின்ன வால்வுகள் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும். வருடக்கணக்கில் ஓடி ஓடிக் குழாய் தேய்ந்துவிடும், ஒயில் அந்த இடுக்கால் கசியும், பிரதான அழுத்தம் இறங்கும். மின்சாரத்தால் இந்த ஒயில் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் சொலனொய்டுகளும் தூள் அடைத்து மெதுவாகும். கியர்பொக்ஸ் கம்பியூட்டர் இதைக் கவனித்து அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி மறைத்துக்கொண்டு வரும். கூட்டக்கூடிய எல்லை முடிந்த அன்றுதான் உங்களுக்குத் தெரியும். அதனால்தான் 'நேற்றுவரை நன்றாக இருந்தது' என்று எல்லோரும் சொல்கிறார்கள். அதற்குப் பிறகு 2இலிருந்து 3க்கு மாறும்போது முள் 200, 300 சுற்று மேலே துள்ளி இறங்கும். வழுக்கல் கூடினாலோ ஒயில் கொதித்தாலோ கம்பியூட்டர் கிளட்சைக் காப்பாற்ற என்ஜினின் பவரையே குறைத்துவிடும். மூன்றாம் கியரில் பூட்டி வைப்பதும் உண்டு. லைட் எரியாவிட்டாலும் ஸ்கேனர் போட்டு கோட் பாருங்கள். பி 0730 கியர் விகிதம் பிழை என்பது, பி 0741 லொக்-அப் பிடிக்கவில்லை என்பது.

டோர்க் கொன்வேர்ட்டர் என்பது எதிரெதிரே வைத்த இரண்டு மின்விசிறி போலத்தான், காற்றுக்குப் பதில் ஒயில். நடுவில் ஸ்டேட்டர் என்ற ஒரு சக்கரம் ஒரே பக்கம் மட்டும் சுற்றும் கிளட்சில் உட்கார்ந்திருக்கிறது. நின்ற இடத்திலிருந்து எடுக்கும்போது என்ஜினின் முறுக்குவிசையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்குவது அதுதான். அந்தக் கிளட்ச் போய்விட்டால் கார் எடுக்கும்போது செத்தது போல இருக்கும், 60ஐத் தாண்டியதும் சாதாரணமாக ஓடும். மாறாக இறுகிவிட்டால் எடுப்பு நன்றாக இருக்கும், வேகம் ஏறாது, ஒயில் கொதிக்கும்.

இதை அறிய ஸ்டோல் டெஸ்ட் செய்வார்கள். சமதரை, நான்கு சக்கரத்துக்கும் கட்டை, ஹேண்ட் பிரேக், கால் பிரேக் முழு மிதி, முன்னால் யாரும் நிற்கக்கூடாது. டி-யில் போட்டு எக்ஸலேட்டரை முழுவதும் மிதித்து, ஆர்.பி.எம் எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஐந்து செக்கனுக்கு மேல் பிடிக்கக் கூடாது. பிறகு என்-னில் ஒரு நிமிடம் ஐட்லிங் விட்டு ஆற விடுங்கள். கைநூலில் உள்ளதை விடக் கூடுதலாக ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது அல்லது அழுத்தம் குறைவு. 600 சுற்றுக்கு மேல் குறைந்தால் ஸ்டேட்டர். இங்கேயும் உயரத்தைக் கழிக்க மறக்காதீர்கள்: கைநூலில் 2400 என்றால் நுவரெலியாவில் நல்ல கார் 2200 அளவில்தான் நிற்கும். அந்த 200ஐ வைத்துக் கொன்வேர்ட்டரை மாற்றச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சி.வி.டி (கியர் படிகள் இல்லாமல் பெல்ட்டில் ஓடுவது), இரட்டைக் கிளட்ச் கியர்பொக்ஸ்களில் இந்த டெஸ்ட் வேண்டவே வேண்டாம்.

ஒயில் பார்ப்பதற்குச் சமதரை முக்கியம். வீட்டு வாசல் சரிவில் பார்த்த அளவு பொய். பெற்றோல் செட்டின் கொங்கிரீட் தரை நல்லது. 15, 20 நிமிடம் ஓடிச் சூடான பிறகு, பிரேக்கை மிதித்தபடி கியர் லீவரை ஒவ்வொரு நிலையிலும் ஓரிரு செக்கன் நிறுத்தி, பி-க்கு வந்து, என்ஜின் ஓடும்போதே ஸ்டிக்கைப் பாருங்கள். ஹொண்டாவின் வழமையான ஓட்டோ கியரில் மட்டும் என்ஜினை நிறுத்தி ஒன்றரை நிமிடத்துக்குள் பார்க்க வேண்டும். ஸ்டிக் இல்லாத கியர்பொக்ஸில், ஒயில் குறித்த வெப்பத்தில் இருக்கும்போது அடியிலுள்ள வழிவு நட்டைத் திறந்து அளவு பார்ப்பார்கள். ஒரு துளியை வெள்ளைக் காகிதத்தில் விடுங்கள். சிவப்பும் இளம் பழுப்பும் பரவாயில்லை. கறுத்துக் கருகிய வாசம் வந்தால் பிளேட் எரிந்திருக்கிறது, ஒயில் மாற்றி அதைக் குணப்படுத்த முடியாது. பால் கலந்த இளஞ்சிவப்பு என்றால் ரேடியேட்டருக்குள் இருக்கும் ஒயில் கூலர் ஓட்டையாகித் தண்ணீர் கலந்துவிட்டது. பிளேட்டில் காகிதத்தை ஒட்டியிருக்கும் பசையை அந்தத் தண்ணீர் இளக்கிவிடும். ஒரு கிலோமீற்றர்கூட ஓட்டாமல் லொறியில் ஏற்றிக் கொண்டுசெல்லுங்கள். கூலன்ட் ஊற்றாமல் பீலித் தண்ணீரையே வருடக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டர்களுக்கு இது வரும். துருப்பிடிப்பைத் தடுக்கும் மருந்து கூலன்டில்தான் இருக்கிறது.

ஒயில் மாற்றும்போது அடி நட்டைத் திறந்தால் பாதியோ அதற்கும் குறைவாகவோதான் இறங்கும். மொத்தம் 8 லீற்றர் என்றால் 3 அல்லது 4 லீற்றர். மற்றது கொன்வேர்ட்டரில் தங்கிவிடும். இறங்கியதை அளந்து அதே அளவு புதிது ஊற்றி, 500 கிலோமீற்றர் ஓடித் திரும்பச் செய்யுங்கள், மூன்று தரம். பான் கழற்றி ஃபில்டர், காந்தம் இரண்டையும் பாருங்கள். காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு இயல்பு, கீறல் போன்ற இரும்புத் துண்டுகள் ஆபத்து. மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவுவதைப் பழைய கியர்பொக்ஸுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன், படிந்த தூளைக் கிளப்பி வால்வ் பொடிக்குள் தள்ளும். ஒயில் வகையில் விட்டுக்கொடுக்காதீர்கள். டொயோட்டாவின் டி-ஐ.வியும் டபிள்யூ.எஸ்ஸும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. 'எல்லாவற்றுக்கும் போடலாம்' என்று விற்கும் டின் மலிவு, கியர்பொக்ஸ் மலிவல்ல.

இனி ஆர்.பி.எம் ஏறாத வகை. இங்கே நான் முதலில் பார்க்கச் சொல்வது எக்ஸலேட்டரின் அடியில் கிடக்கும் கார்பெட். மிதி அடிவரை போகாவிட்டால் கிக்-டவுன் (முழு மிதியில் கியர் தானாகக் கீழிறங்குவது) விழாது. கேபிள் உள்ள பழைய கார்களில் யாராவது ஒருவர் உள்ளே இருந்து மிதிக்க, பொனட்டைத் திறந்து த்ரொட்டில் (என்ஜினுக்குள் காற்றை விடும் கதவு) முழுவதும் திறக்கிறதா என்று பாருங்கள். பிறகு எயார் ஃபில்டர், காற்றை அளக்கும் சென்சர், பிளக், கொயில். இவை சின்னச் செலவு. பெரியது சைலன்சர் பக்கத்தில் புகையைச் சுத்தம் செய்யும் கட்டலிட்டிக் கொன்வேர்ட்டர். ஒயில் எரிக்கும் என்ஜினில் அது அடைத்துக்கொள்ளும். முன் ஒக்சிஜன் சென்சரைக் கழற்றி அந்தத் துளையில் பிரஷர் கேஜ் போட்டால் ஐட்லிங்கில் 1.25 பி.எஸ்.ஐக்குள்ளும், 2500 சுற்றில் 3க்குள்ளும் இருக்க வேண்டும். மேலே போனால் அடைப்பு உறுதி.

பெற்றோல் விடயத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. டொயோட்டா 86 போன்ற கார்களின் கம்ப்ரெஷன் விகிதம் 12.5; ஜப்பானின் உயர் ஒக்டேன் பெற்றோலுக்குச் செய்தவை. ஒக்டேன் 92 ஊற்றினால் என்ஜின் தட்டும், தட்டாமலிருக்கக் கம்பியூட்டர் தீப்பொறியைத் தாமதப்படுத்தும், இழுவை போய்விடும். நுவரெலியாவில் காற்று மெல்லியது என்பதால் இது அவ்வளவு தெரியாது. அதே டேங்குடன் பேராதனைக்கு இறங்கியதும் தெரியும். உள்ளே கரி படிந்த பழைய என்ஜினில் இன்னும் மோசம். 95 கிடைக்கும் இடத்தில் நிரப்பிக்கொள்ளுங்கள்.

ஹொண்டா சி.ஆர்-இசட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1.5 லீற்றர் என்ஜினுக்கு மின்மோட்டார் கைகொடுத்தால்தான் அந்தக் கார் ஸ்போர்ட்ஸ் கார். ஹைபிரிட் பெட்டரி வயதானால் ரம்பொடை ஏற்றத்தில் பாதியிலேயே சார்ஜ் கட்டைகள் திடீரென்று விழும், மிச்சத்தை என்ஜின் தனியாக இழுக்கும். சி.வி.டி வழுக்குகிறது என்று நினைத்து விடுவார்கள். மோட்டார் கைகொடுப்பதைக் காட்டும் அசிஸ்ட் கட்டைகள் எழும்புகின்றனவா என்று பார்த்தாலே விளங்கிவிடும்.

கடைசியாகச் சக்கரம். அட்டன், வட்டவளை மழையில் ஓடும் கார்களில் பிரேக் கலிப்பரின் (பிரேக் பேட்டை நெருக்கும் பகுதி) வழிகாட்டி ஊசிகள் துருப்பிடித்து இறுகுவது சாதாரணம். அரை மணித்தியாலம் ஓடி நிறுத்தி ஒவ்வொரு ரிம்மின் பக்கத்திலும் கையைக் கொண்டுபோங்கள், தொடாதீர்கள். ஒன்று மட்டும் அனலடித்தால் அந்த பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது.

ஏறும்போது டி-யிலேயே விடாமல் 2 அல்லது 3இல் வைத்து ஓட்டுங்கள். கொன்வேர்ட்டரின் வழுக்கல் குறையும், ஒயில் சூடு குறையும். ஒயிலோ வால்வ் பொடியோ மாற்றினால் கம்பியூட்டர் பழைய தேய்மானத்துக்குப் பழகிய அழுத்தத்தையே கொடுத்து உதறும். பல கார்களில் அந்தப் பழக்கத்தை அழிக்க ஸ்கேனர் வேண்டும். அழித்த பிறகு ஒயில் சூடான நிலையில், மெல்லிய மிதியில், நின்று நின்று எல்லாக் கியருக்கும் பல தரம் ஏற்றி இறக்க வேண்டும். இதை மேட்டில் செய்து பயனில்லை. கிரகறி வாவியைச் சுற்றியுள்ள சமவீதி போதும், விடியற்காலையில் வாகனம் குறைவு.