பிள்ளைகளின் கேள்வியும் பெரியவர்களின் வாக்கும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலை பெற்றதை யூதர்கள் நினைவுகூரும் பாஸ்கா இரவு விருந்தைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். வீட்டின் கடைக்குட்டி நான்கு கேள்விகள் கேட்பதை வியந்து எழுதியிருந்தீர்கள். எனக்கு அதில் ஒரு நெருடல். கேள்விகளும் ஏற்கெனவே எழுதப்பட்டவை, பதில்களும் எழுதப்பட்டவை. மனப்பாடம் செய்து ஒப்பிப்பதைக் கேள்வி என்று எப்படிச் சொல்வது? 613 கட்டளைகள் உள்ள ஒரு மதத்தில் குழந்தை சுயமாகச் சிந்திக்க என்ன இடம் இருக்கிறது?

எனக்குக் கடவுள் நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிறது. கணவர் நம்பிக்கை உள்ளவர். எட்டு வயது மகள், சாமி எங்கே இருக்கிறார் என்று கேட்கிறாள். நான் ஒன்று சொல்கிறேன், அவர் வேறொன்று சொல்கிறார். மதத்தை விட்டுவிட்டு நல்லொழுக்கத்தை மட்டும் கற்றுக்கொடுக்க முடியாதா? அந்த மரபிலிருந்து எங்களைப் போன்றவர்கள் எடுத்துக்கொள்ள ஏதாவது உண்டா? எங்கிருந்து படிக்கத் தொடங்கலாம்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் நெருடல் நியாயமானது. ‘மா நிஷ்தனா’ (இந்த இரவு எப்படி வேறுபடுகிறது) என்று தொடங்கும் அந்தக் கேள்விகளை யூதக் குழந்தைகள் பெரும்பாலும் பாட்டாகப் பழகிக்கொண்டுதான் விருந்துக்கு வருகிறார்கள். ராகம் போட்டுப் பாடி முடித்ததும் பெரியவர்கள் தட்டிக்கொடுப்பார்கள். அதோடு நின்றுவிடும் வீடுகளும் உண்டு. ஆனால் அந்தக் கேள்விகள் எதற்காக எழுதி வைக்கப்பட்டன என்று, யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களும் கதைகளும் அடங்கிய பழைய தொகுப்பான தல்மூதில் தேடிப் பார்த்தால் வேறொரு சித்திரம் கிடைக்கிறது.

நான்காம் நூற்றாண்டு, பாபிலோனியா. அபாயே என்றொரு சிறுவன். கருவில் இருந்தபோதே தந்தையை இழந்தவன், பிறந்ததும் தாயையும் இழந்தவன். தந்தையின் சகோதரரான ரப்பா அவனை வளர்த்தார். ஒரு பாஸ்கா இரவில் அவன் ரப்பாவின் எதிரே உட்கார்ந்திருக்கிறான். யாரும் ஒரு வாய் சாப்பிடுவதற்கு முன்பே அவர் முன்னால் இருந்த உணவு மேசையைத் தூக்குகிறார்கள். “நாம் இன்னும் சாப்பிடவே இல்லையே, அதற்குள் எடுத்துக்கொண்டு போகிறார்களே!” என்று பையன் பதறுகிறான். ரப்பா சொல்கிறார்: “மா நிஷ்தனா சொல்லும் கடமையிலிருந்து எங்களை விடுவித்துவிட்டாய்.”

நிஜமான கேள்வி வந்துவிட்டது, ஆகவே எழுதி வைத்த கேள்வி தேவையில்லை. மேசையை எடுத்ததே குழந்தை கேட்க வேண்டும் என்பதற்காகத்தான். அன்றிரவு கீரையை உப்புநீரில் தோய்ப்பது, புளிப்பில்லா அப்பத்தில் ஒரு துண்டை ஒளித்து வைப்பது எல்லாவற்றுக்கும் இதே நோக்கம் சொல்லப்படுகிறது. குழந்தைகள் தூங்கிவிடாமல் விழித்திருந்து கேட்க வேண்டும் என்று ரப்பி (யூத சமய அறிஞர்) அக்கிவா வறுத்த தானியமும் கொட்டைகளும் கொடுப்பாராம். கேட்கத் தெரியாத பிள்ளைக்குத் தந்தை கற்றுக்கொடுக்க வேண்டும். பிள்ளை இல்லாத வீட்டில் மனைவி கேட்க வேண்டும். தனியாக இருப்பவர் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டமெல்லாம் கரைத்துக் குடித்த இரண்டு அறிஞர்கள் மட்டும் இருந்தாலும் ஒருவரையொருவர் கேட்டாக வேண்டும். எழுதி வைத்த கேள்வி, யாருக்கும் எதுவும் கேட்கத் தோன்றாமல் போகும் வீடுகளுக்கான முன்னேற்பாடு.

அடுத்து 613 கட்டளைகள். அவை குழந்தையின் தலையில் ஏற்றப்படவில்லை. ஆண்பிள்ளைக்கு 13 வயதும் பெண்பிள்ளைக்கு 12 வயதும் நிறையும் வரை கட்டளைகளுக்குப் பொறுப்பில்லை. பழகிக்கொள்வது மட்டுமே. மகனுக்கு 13 வயது ஆகும்போது தந்தை சொல்லும் பழைய ஆசிமொழி ஒன்று உண்டு: இவனுக்கு வர வேண்டிய தண்டனையிலிருந்து என்னை விடுவித்தவர் போற்றப்படுவாராக. கேட்கக் கடுமையாக இருந்தாலும் அதற்குள் இருக்கும் கணக்கைப் பாருங்கள். அதுவரை மகன் செய்த தவறெல்லாம் தந்தையின் பெயரில் எழுதப்பட்டிருந்தது. மகனுக்கு யூத வேதமான தோராவைக் கற்பிப்பதும் ஒரு கைத்தொழில் கற்பிப்பதும் தந்தையின் கடமை. நீச்சலும் கற்பிக்க வேண்டும் என்றார்கள் சிலர், உயிர் அதில் இருக்கிறது என்பதற்காக. கைத்தொழில் கற்பிக்காதவன் மகனுக்குத் திருட்டைக் கற்பிக்கிறான் என்றார் ரப்பி யெஹூதா. ஆன்மிகக் கல்வியையும் பிழைப்பையும் உயிர் காப்பதையும் ஒரே மூச்சில் சொல்லும் இந்தப் பட்டியல் எனக்கு மிகவும் பிடித்தது.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது இவற்றைவிடச் சிறிய ஒரு வாக்கியம். ரப்பி ஸெய்ரா சொன்னது: குழந்தைக்கு ஒன்றைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டுத் தராமல் இருக்கக் கூடாது, ஏனென்றால் அதனால் குழந்தை பொய்யைக் கற்றுக்கொள்கிறது. குழந்தையின் ஏமாற்றத்தைப் பற்றி அவர் பேசவில்லை. அந்த நேரத்தில் அங்கே ஒரு பாடம் நடந்துவிட்டது என்கிறார். ஊசி போட மாட்டார்கள் என்று சொல்லி டாக்டரிடம் கூட்டிப்போகிறோம். வேண்டாத ஆள் போனில் அழைத்தால், அப்பா வீட்டில் இல்லை என்று பிள்ளையையே சொல்லச் சொல்கிறோம். மறுநாள் அதே பிள்ளை வீட்டுப்பாடத்தை முடித்துவிட்டேன் என்று பொய் சொன்னால் அடிக்கக் கை ஓங்குகிறோம். நல்லொழுக்கத்தை மட்டும் கற்றுக்கொடுக்க முடியாதா என்று கேட்டீர்களே, அது இங்கேதான் தொடங்குகிறது. இதற்கு எந்த மதமும் வேண்டியதில்லை. கொடுத்த வாக்கை மறக்காத பெரியவர் ஒருவர் போதும்.

இந்தப் பொறுப்பு வீட்டோடு நிற்கவில்லை. முதல் நூற்றாண்டில் யெஹோஷுவா பென் கம்லா என்ற எருசலேம் கோயிலின் தலைமைக் குரு, ஊருக்கு ஊர் ஆசிரியர்களை நியமித்து, ஆறேழு வயதுப் பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். அதற்குத் தல்மூத் சொல்லும் காரணம் நெஞ்சைத் தொடுகிறது. முன்பெல்லாம் தந்தை உள்ளவன் தந்தையிடம் கற்றான், தந்தை இல்லாதவன் கற்கவே இல்லை. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 ஆனால் உதவியாளர், 50 ஆனால் இரண்டு ஆசிரியர்கள் என்று கணக்கும் வைத்தார்கள். அடிப்பதானால் செருப்பு வாரைத் தவிர வேறெதனாலும் அடிக்காதே என்று ராவ் என்ற அறிஞர் ஓர் ஆசிரியருக்குச் சொல்கிறார். படிக்கிறவன் படிக்கட்டும், படிக்காதவன் மற்றவர்களுக்குத் துணையாக உட்கார்ந்திருக்கட்டும் என்பதும் அவர் சொன்னதுதான். படிப்பு ஏறாத பிள்ளையை வகுப்பை விட்டு வெளியேற்றவில்லை. வார் இருந்தது என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை.

குறைகளையும் சொல்ல வேண்டும். பாஸ்கா நூலில் வரும் நான்கு மகன்களில் ஒருவனைத் ‘தீயவன்’ என்கிறார்கள். இந்தச் சடங்கு உங்களுக்கு எதற்கு என்று கேட்பதுதான் அவன் குற்றம். அவன் பல்லை மழுங்க வை, அதாவது கடுமையாகப் பதில் சொல், என்கிறது நூல். எனக்கு இது ஏற்புடையதல்ல. உங்கள் கடிதத்தில் உள்ள கேள்விக்கும் அவன் கேள்விக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பெண்பிள்ளைகளுக்கு இழைத்த அநீதி இதைவிடப் பெரிது. மகளுக்குத் தோராவைக் கற்பிக்க வேண்டும் என்று பென் அஸ்ஸாய் சொல்ல, கூடாது என்றார் ரப்பி எலியேசர். எலியேசரின் பக்கமே நூற்றாண்டுகளாக வென்றது. 1917இல் க்ராகோ நகரில் சாரா ஷெனிரர் என்ற தையல்காரப் பெண் சிறுமிகளுக்கென்று சமயப் பள்ளி தொடங்கிய பிறகுதான் ஆசாரமான குடும்பங்களில் நிலைமை மாறத் தொடங்கியது.

மதத்தை விட்டுவிட முடியுமா என்ற கேள்விக்கு யானுஷ் கோர்ச்சாக்கைத்தான் காட்டுவேன். மருத்துவர், எழுத்தாளர், ஆசாரங்களைக் கடைப்பிடிக்காத போலந்து யூதர். 1912இல் வார்சாவின் க்ரோக்மால்னா தெருவில் திறக்கப்பட்ட யூத அனாதைக் குழந்தைகள் இல்லத்தை ஸ்டெஃபானியா வில்சின்ஸ்காவுடன் சேர்ந்து நடத்தினார். அங்கே குழந்தைகளே நீதிபதிகளாக இருந்த ஒரு நீதிமன்றம் இயங்கியது. அதன் சட்டத்தொகுப்பில் 99 வரையிலான விதிகள் வழக்கைக் கைவிடவோ மன்னிக்கவோதான். கடைசியான 1000ஆம் விதி இல்லத்தைவிட்டு வெளியேற்றுவது. அரையாண்டில் ஐந்து முறை கோர்ச்சாக் தாமே அந்த நீதிமன்றத்தின் முன் நின்றார். ஒரு பையனைக் காதோடு அறைந்ததற்காக ஒருமுறை, ஒரு சிறுமியைத் திருடியதாகச் சந்தேகித்ததற்காக ஒருமுறை. கல்வியாளராகத் தம்மை உருவாக்கியதில் இந்த வழக்குகளுக்கு முக்கியப் பங்கு உண்டு என்று அவரே எழுதியிருக்கிறார். 1942 ஆகஸ்டில் சுமார் 200 குழந்தைகளோடு நாஜிகளின் ட்ரெப்ளிங்கா கொலைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தப்பிக்க வழி இருந்தும் பிள்ளைகளை விட்டுப் போகவில்லை. ஸ்டெஃபானியாவும் உடன் போனார்.

ஆகவே முடியும். ஆனால் மதத்தை விடும்போது வழக்கங்களையும் சேர்த்து விட்டுவிட வேண்டாம் என்பது என் எண்ணம். பல யூத வீடுகளில் வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றும் முன் குழந்தை தன் கையாலேயே தர்ம உண்டியலில் காசு போடுகிறது. பிறகு பெற்றோர் தலையில் கைவைத்து ஆசி சொல்கிறார்கள். ஈகையைப் பற்றி ஆயிரம் முறை எடுத்துச் சொல்வதைவிட, வாரம் தவறாமல் குழந்தையின் கையால் நடக்கும் அந்தச் செயல் ஆழமாகப் பதியும். நம்பிக்கையில்லாத வீட்டிலும் உண்டியல் வைக்கலாம்.

உங்கள் மகளின் கேள்விக்கு வருகிறேன். அதே அபாயேவும் ராவா என்ற இன்னொரு சிறுவனும் ரப்பாவின் முன் உட்கார்ந்திருக்கிறார்கள். உணவுக்குப் பின் யாருக்கு நன்றி சொல்கிறோம் என்று கேட்கிறார் ரப்பா. கருணையாளருக்கு என்கிறார்கள். அவர் எங்கே இருக்கிறார்? ராவா கூரையைக் காட்டுகிறான். அபாயே எழுந்து வெளியே போய் வானத்தைக் காட்டுகிறான். ரப்பா இருவரையும் திருத்தவில்லை. நீங்கள் இருவருமே அறிஞர்கள் ஆவீர்கள் என்கிறார். விளையும் பயிர் முளையிலே தெரியும் என்பதுபோல, பூசணி காம்பிலேயே தெரியும் என்ற அவர்கள் ஊர்ப் பழமொழியும் அங்கே வருகிறது.

நீங்களும் கணவரும் ஆளுக்கொரு பதில் சொல்வதில் தவறில்லை. அப்பா இப்படி நம்புகிறார், நான் இப்படி நினைக்கிறேன் என்று அவளிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். ஒருவர் பதிலை மற்றவர் கேலி செய்ய வேண்டாம். பிறகு, உனக்கு எங்கே என்று தோன்றுகிறது என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அவள் சொல்வதைத் திருத்தாதீர்கள்.

படிப்பதற்கு, பழைய யூத அறிஞர்களின் அறமொழிகளைத் தொகுத்த ‘பிர்கே அவோத்’ நல்ல தொடக்கம். ஆறே அத்தியாயங்கள், ஆங்கிலத்தில் எளிதாகக் கிடைக்கும். கூச்சப்படுபவன் கற்க முடியாது, முன்கோபி கற்பிக்க முடியாது என்று ஹில்லேல் என்ற அறிஞர் சொல்வது அதன் இரண்டாம் அத்தியாயத்தில் இருக்கிறது. அதன்பின் பாஸ்கா நூலான ‘ஹகதா’வைப் படியுங்கள். தீயவன் என்று சொல்லப்படும் அந்த மகனைப் பற்றி உங்களுக்கு என்ன தோன்றுகிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்