காகிதத்தில் ஒரு கல்வெட்டு

மதிப்புக்குரிய அம்மா,

வணக்கம். உங்கள் தாயாரின் சீதன உறுதியை, அதாவது சீதனமாகக் காணி எழுதிக்கொடுத்த பத்திரத்தைப் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவன், வெள்ளவத்தையில் இருக்கிறேன். இங்கிலாந்தில் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அங்குள்ள குடும்ப வரலாற்றுச் சங்கத்தின் கூட்டமொன்றுக்கு என்னைக் கூட்டிப்போனாள். மாதம் ஒரு கூட்டம், ஒரு பேச்சு, தேநீர். உறுப்பினர்கள் தேவாலயப் பதிவேடுகளைப் பார்த்துப் பெயர் அட்டவணை போடுகிறார்கள். லீவு நாட்களில் பழைய கல்லறைகளைத் துடைத்து எழுத்தைப் படியெடுக்கிறார்கள். எனக்கு ஆசை பிடித்துவிட்டது. திரும்பி வந்ததிலிருந்து நாங்கள் ஆறு பேர் கொழும்பில் தமிழில் அப்படியொரு சங்கம் தொடங்குவது பற்றிப் பேசுகிறோம். எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. எங்களில் ஒருவர், "இது கடைசியில் 'நீங்கள் ஆர் ஆக்கள்' என்று சாதி விசாரிக்கிற இடமாகத்தான் முடியும்" என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஐயா,

உங்கள் நண்பரை மட்டும் சங்கத்தை விட்டுப் போகவிடாதீர்கள். அவருடைய கேள்விக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கல்லறை. மகளின் ஊரில் செய்வதை அப்படியே இங்கே செய்யப் போனால் இரண்டு ஞாயிற்றுக்கிழமையில் வேலை தீர்ந்துவிடும். பொரளைக் கனத்தை மயானத்தில் கிறிஸ்தவத் தமிழர்களின் கல்லறைகள் இருக்கின்றன, அவற்றைப் படியெடுக்கத்தான் வேண்டும். ஜே. பென்றி லூயிஸ் என்ற அரச அதிகாரி 1913 இலேயே இலங்கையின் கல்லறை எழுத்துகளைத் தொகுத்துப் புத்தகமாக்கினார், அதில் பெரும்பாலும் வெள்ளைக்காரர்தான். சைவக் குடும்பங்களுக்குக் கல் ஏது? எரித்து, சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டு வருகிறோம்.

ஆனால் எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒரு வேடிக்கை செய்திருக்கிறார்கள். கல் இல்லாத குறைக்குக் காகிதத்தில் அச்சடித்து, அதற்கு 'கல்வெட்டு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஒருவர் செத்து 31 ஆம் நாள் செய்யும் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்கள் கையில் கொடுப்பார்களே, அதுதான். அட்டையில் படம். உள்ளே பிள்ளையார், செத்த வருடமும் மாதமும் திதியும் சொல்லும் திதி வெண்பா, தேவார திருவாசகம், வாழ்க்கை வரலாறு, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் (மூன்றையும் எழுதியவர் ஒரே புலவர்தான், கண்ணீர் மட்டும் வேறு வேறு), கடைசியில் மடித்து ஒட்டிய வம்சாவளி. இதை வீட்டில் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள், எறியவும் மாட்டார்கள். செத்தவரின் படமும் தேவாரமும் இருக்கிறதே, எறியப் பயம். அதனால் அலுமாரிக்கு மேலே தூசி பிடித்தபடி நாற்பது ஐம்பது வருடம் கிடக்கும். ஆறு பேர் சங்கம் என்றீர்கள். ஆறு வீட்டு அலுமாரியின் மேற்தட்டையும் இறக்கிப் பாருங்கள், முதல் ஆறு கூட்டத்துக்கு அதுவே காணும். நூலகம் என்ற எண்ணிம நூலகத்தார் நினைவு மலர்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் இட்டு வருகிறார்கள். உங்களிடம் உள்ளது அங்கே இல்லாவிட்டால் கொடுத்துவிடுங்கள்.

கல்வெட்டை வாசிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. எங்கள் வீட்டுப் பழைய பிஸ்கட் ரின்னுக்குள் ஒரு தாள் இருந்தது. அம்மம்மாவின் ஒன்றுவிட்ட தமையன் ஒருவரின் திதி வெண்பாவை யாரோ கையால் பார்த்தெழுதியது. அவர் கொழும்பில் செட்டியார் தெரு நகைக்கடையொன்றில் கணக்கு எழுதியவர், கலியாணம் கட்டாதவர் என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் தெரியாது. 'ருத்ரோத்காரி ஆடி' வரைக்கும் வாசிக்க முடிந்தது, மிச்சத்தைப் பூச்சி தின்றுவிட்டது. கனடாவில் இருந்து வம்சாவளி போடுகிற என் மச்சான் இணையத்தில் தேடி, ருத்ரோத்காரி என்றால் 1983 என்று எழுதிவிட்டார். 1983 ஆடி, கொழும்பு. பிறகென்ன! சில வருடங்களில் அவர் கலவரத்தில் கொல்லப்பட்டவர் ஆகிவிட்டார். கடை எரிந்த கதையும் சேர்ந்துகொண்டது. ஒரு கலியாண வீட்டில் என் அண்ணன் மகனே இதை எனக்குக் கதை கதையாகச் சொன்னான். அந்த ஆடியில் என்னவும் நடந்திருக்கலாம் என்பதால் நானும் தலையாட்டினேன். எண்பது வயது தாண்டிய கணக்கப்பிள்ளை அன்றைக்குக் கடையில் என்ன செய்துகொண்டிருந்தார் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அப்புறம் 1931 இல் முடித்த உறுதியொன்று கைக்கு வந்தது. அவருடைய தகப்பனார் தன் மகளுக்குச் சீதனமாகக் காணி எழுதுகிறார். அதில் 'காலஞ்சென்ற என் மகன்' என்று இவருடைய பெயர். தமிழ் வருடம் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வரும் அல்லவா? இவருடைய ருத்ரோத்காரி 1923. செத்த மனிதரை அறுபது வருடம் உயிரோடு வைத்திருந்து, கலவரத்தில் சாகக் கொடுத்திருக்கிறோம். மச்சானுக்குச் சொன்னேன். திருத்திவிட்டார், அரைமனதாக.

ஆகவே கல்வெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு கடுதாசி எப்போதும் இருக்க வேண்டும். மரண அறிவித்தல் அதற்கு நல்லது. வீரகேசரி 1930 இலும் தினகரன் 1932 இலும் தொடங்கிய பத்திரிகைகள். அந்த அறிவித்தல்களின் வாசகம் நம் எல்லோருக்கும் மனப்பாடம்: இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும், வெள்ளவத்தையை வசிப்பிடமாகவும், ஸ்காபரோவைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட… அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதிகளின் சிரேஷ்ட புதல்வரும், இன்னாரின் பாசமிகு கணவரும், இன்னாரின் மருமகனும், மைத்துனரும், சகலனும், பெறாமகனும், சம்பந்தியும்… ஒரே வசனத்தில் குடும்பத்தின் அரைவாசியும் அது நகர்ந்த வழியும் வந்துவிடுகிறது. காசு கொடுத்துப் போடுவதால் ஒருவரையும் விட்டுவிடாமல் போடுவார்கள். விட்டால் சண்டை வரும். சில வேளை வேண்டுமென்றே விட்டும் இருப்பார்கள், அதைக் கவனிக்கவும் ஆள் வேண்டும்.

அட்டவணை என்றீர்கள். மகளின் ஊரில் குடும்பப் பெயரை அகரவரிசையில் அடுக்கினால் பாதி வேலை முடிந்தது. நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தகப்பனின் பெயர் முதலெழுத்தாக நிற்கும், அடுத்த தலைமுறையில் அதுவும் போய்விடும். கலியாணம் கட்டியதும் பெண்ணின் முதலெழுத்து மாறும். எங்கள் பக்கத்தில் தாத்தாவையும் பேரன் என்போம், அவர் பெயரைச் சுமக்கும் பொடியனையும் பேரன் என்போம். ஒரு ஒழுங்கையில் நாலு கந்தையா. இதை எப்படி அகரவரிசைப்படுத்துவீர்கள்?

காணிப் பெயரை வைத்து அடுக்குங்கள் என்பது என் யோசனை. ஆட்கள் பெயர் மாறினாலும் வளவின் பெயரும் கலட்டியின் பெயரும் சீக்கிரம் மாறுவதில்லை. அம்மாவின் உறுதியைப் பற்றி எழுதியபோது நான் விட்டுவிட்ட ஒரு விஷயம் இது. அந்த உறுதியில் காணியின் பெயர், பரப்பும் குழியுமாக அளவு, நாலு எல்லை. கிழக்கெல்லைக்காரி அம்மாவின் பெரியதாய், வடக்கெல்லைக்காரர் மாமன். காணி எப்படிக் கைக்கு வந்தது என்று சொல்லும் வரியில் 'எனது தாயாரின் சீதன உறுதிப்படி' என்று இருக்கிறது. அந்தத் தாயாரின் உறுதியை எடுத்தால் அதிலும் அதே வரி. ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) 1707 இல் தொகுப்பித்த யாழ்ப்பாணத்து வழமைச் சட்டமான தேசவழமையில் சீதனம் பெண்பிள்ளைகளுக்குப் போவது என்று இருப்பதால் வந்த நன்மை இது. வம்சாவளிப் படத்தில் இன்னாரின் மனைவி என்று மட்டும் நிற்கிற ஐந்து பெண்களின் பெயரை நான் இப்படித்தான் கண்டெடுத்தேன். ஒருத்தி கைநாட்டுப் போட்டிருக்கிறாள். பெருவிரல் ரேகை இன்னும் நீலமாகத் தெரிகிறது.

தோம்பு, தோம்பு என்று உங்களில் யாராவது துள்ளக்கூடும். ஒல்லாந்தர் எழுதிய காணிப் பதிவேடுகளான தோம்புகள் கொழும்பு 7 இல் தேசிய சுவடிகள் காப்பகத்தில் இருக்கின்றன. ஒல்லாந்தக் கம்பனியின் ஆவணங்களை யுனெஸ்கோ 2003 இல் உலக நினைவுப் பதிவேட்டிலும் சேர்த்தது. பெரிய சொத்துத்தான். ஆனால் எழுத்தும் ஒல்லாந்து மொழி, நம் பெயர்களும் அவர்கள் காதில் விழுந்தபடி. அது மூன்றாம் வருடத்து வேலை. இந்த வருடம் உங்கள் பெரியம்மாவைக் கேளுங்கள், அவர் காத்திருக்கமாட்டார்.

இனி உங்கள் நண்பர்.

பூட்டன் எங்கே பிறந்தார் என்பது உங்களுக்கும் எனக்கும் தேநீரோடு பேசுகிற கதை. கொட்டாஞ்சேனையில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிற, இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்கு வந்தவர்களின் வழிவந்த மலையகத்து அக்காவுக்கு அது கந்தோர்க்காரன் கேட்கிற கேள்வி. 1948 குடியுரிமைச் சட்டப்படி, அதற்கு முன் இங்கே பிறந்தவர் பரம்பரை வழியில் பிரஜையாவதற்குத் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இந்த நாட்டில் பிறப்பு இறப்புப் பதிவு ஒழுங்காகத் தொடங்கியதே 1867 இல்தான். பூட்டன் பிறந்த காலத்தில் பதிவேடே இல்லை, அத்தாட்சிக்கு எங்கே போவது? 1949 இல் வந்த அடுத்த சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கு மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது, ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்குத்தான் குடியுரிமை கிடைத்தது. 1964 ஒப்பந்தத்தில் மிச்சம் இருந்தவர்களில் பெரும்பாலோரை இலங்கையும் இந்தியாவும் தலை எண்ணிப் பிரித்துக்கொண்டன. நம் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தில் பாட்டனார், பூட்டனார் பிறந்த இடம் கேட்டுக் கட்டங்கள் ஏன் என்று எப்போதாவது யோசித்தீர்களா? எல்லாம் அந்த 1948 சட்டத்தை ஒட்டி வந்ததுதான்.

அந்த அக்காவிடம் ஒரு சொப்பிங் பை நிறையக் கடுதாசி இருக்கிறது. மாமனாரின் விண்ணப்பப் படிவம், நிராகரித்த கடிதம், குடும்பமாக நின்று எடுத்த படம், அதன் பின்பக்கம் தோட்டத்தின் பெயர். 83 இல் ஓடும்போதும் நகையோடு சேர்த்து அந்தப் பையைத்தான் தூக்கியிருக்கிறார். உங்களுடைய ஆறு பேரிடமும் என்னிடமும் உள்ள கடுதாசிகளை ஒன்றாகக் கட்டினாலும் அவ்வளவு வராது. அவரைக் கூப்பிட்டு முதல் கேள்வியாக "சொந்த ஊர் எது?" என்று கேட்டால் பையைக் கட்டிக்கொண்டு போய்விடுவார். பையைத் திறக்கச் சொல்லுங்கள், அவரே சொல்லட்டும்.

இதற்கு வெளிநாட்டு உதாரணமும் தேவையில்லை. இங்கே தங்கிவிட்ட ஒல்லாந்தரின் வழிவந்தவர்களுக்கான ஒல்லாந்தப் பறங்கியர் சங்கம் 1908 இலிருந்து கொழும்பில் இருக்கிறது. அவர்கள் தம் சஞ்சிகையில் குடும்பம் குடும்பமாக வம்சாவளி அச்சிட்டார்கள். அவுஸ்திரேலியாவில் இருக்கிற கொள்ளுப்பேரர்கள் இன்றைக்கும் அதைத்தான் புரட்டுகிறார்கள். அந்த உழைப்பைக் கும்பிடலாம். ஆனால் சேர்வதற்கே ஆண்வழியில் வம்சத்தை நிறுவ வேண்டும் என்று வைத்தார்கள். தாய் வழியில் மட்டும் பறங்கியானவர் வாசலில் நின்றார். உங்கள் நண்பர் பயப்படுவது அந்த வாசலுக்குத்தான். அங்கத்துவப் படிவத்தில் பெயரும் தொலைபேசி இலக்கமும் போதும். உயிரோடு இருப்பவர்களைப் பற்றி அவர்களைக் கேட்காமல் ஒரு வரியும் வெளியே போகக்கூடாது. தத்தெடுத்த பிள்ளை, பதியாத கலியாணம் எல்லாம் வரும். வந்தால் கூட்டத்தில் வாசிக்க வேண்டாம்.

முதல் கூட்டம் எப்போது என்று எழுதுங்கள். கொழும்புத் தமிழ்ச் சங்கத்தில் இடம் கேட்டுப் பாருங்கள், உங்களுக்கும் கிட்ட, நூல்நிலையமும் அங்கேயே இருக்கிறது. நான் பிஸ்கட் ரின்னோடு வருகிறேன். அக்காவிடமும் கேட்டுவிட்டேன். பையைக் கொண்டுவருவாராம், ஆனால் ஒரு கடுதாசியையும் வீட்டுக்குக் கொண்டுபோகத் தரமாட்டாராம், அங்கேயே வைத்துப் படம் எடுத்துக்கொள்ள வேண்டுமாம். யாராவது நல்ல கமெரா உள்ள ஃபோன் கொண்டுவாருங்கள். என்னுடையதில் எல்லாம் மங்கலாக விழுகிறது.