இந்த அறிவிப்பு பல்கலைக்கழகத்திலிருந்துதான் வந்ததா? கேள்வி பதில்

ஆகஸ்ட் பிறந்து அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் வகுப்புகள் தொடங்கும்போது, 'கடவுச்சொல் காலாவதி', 'அஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது', 'இருபடிச் சரிபார்ப்பைப் புதுப்பிக்கவும்' என்று மின்னஞ்சல்கள் வரிசைகட்டும். சில உண்மையானவை, சில தூண்டில்கள். நான் அங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் மின்னஞ்சல் பிரிவில் வேலை பார்க்கிறேன். நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் கீழே.

கேள்வி: முதுகலை மாணவி, கார்னெல் பல்கலைக்கழகம்
அண்ணா, 'ஐடி சேவை மையம்' என்ற பெயரில் ஒரு மின்னஞ்சல். 24 மணி நேரத்துக்குள் நெட்ஐடி (பல்கலைக்கழகப் பயனர் கணக்கு) கடவுச்சொல்லைப் புதுப்பிக்காவிட்டால் கணக்கு முடங்கும் என்கிறது. முத்திரை சரியாக இருக்கிறது. எழுத்துப்பிழைகூட இல்லை. நம்பலாமா?

பதில்: எழுத்துப்பிழையைத் தேடிய காலம் மலையேறிவிட்டது, அம்மா. செயற்கை நுண்ணறிவின் தயவில் மோசடிக்காரர்களின் ஆங்கிலம் இன்று எங்கள் அலுவலக ஆங்கிலத்தைவிடச் சுத்தமாக இருக்கிறது. முத்திரையை நகலெடுக்க ஒரு நிமிடம் போதும். அதனால் கடிதத்தையே உற்று உற்றுப் பார்ப்பதில் பயனில்லை. அதை அப்படியே விட்டுவிட்டு வெளியே வாருங்கள். உலாவியில் புதுப் பக்கம் திறந்து, பல்கலைக்கழக ஐடி தளத்தின் முகவரியை நீங்களே தட்டச்சு செய்து உள்ளே போங்கள்.

உங்கள் கார்னெலில் இதற்கென்றே இரண்டு பக்கங்கள் வைத்திருக்கிறார்கள். 'ஃபிஷ் பௌல்' என்ற பக்கத்தில் பிடிபட்ட மோசடி மின்னஞ்சல்களைக் காட்சிக்கு வைக்கிறார்கள். இன்னொன்றில், சந்தேகம் கிளப்பக்கூடிய, ஆனால் பல்கலைக்கழகமே அனுப்பிய உண்மையான அறிவிப்புகளைப் பட்டியலிடுகிறார்கள். பெரும்பாலோர் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, "அங்கே இல்லை, அப்படியானால் உண்மைதான்" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தவறு. காலையில் வந்த தூண்டில், மாலையில்தான் அந்தப் பக்கத்தில் ஏறும். இரண்டிலும் இல்லையென்றால் உதவி மையத்தைத் தொலைபேசியில் கூப்பிடுங்கள். எண்ணையும் அந்த மின்னஞ்சலிலிருந்து எடுக்காதீர்கள்.

கேள்வி: பொறியியல் ஆய்வு மாணவர், டெக்சாஸ்
அனுப்புநரின் முகவரி எங்கள் பல்கலைக்கழக டொமைனில்தான், அதாவது '@' குறிக்குப் பின்னால் எங்கள் இணையப் பெயரில்தான் முடிகிறது. அதுவே போதாதா?

பதில்: போதாது. மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டது. அனுப்புகிறவர் தன்னை யார் என்று சொல்லிக்கொண்டாலும் அது அப்படியே ஏற்றுக்கொள்ளும். தபால் உறையின் பின்புறத்தில் யார் பெயரை வேண்டுமானாலும் எழுதலாம் அல்லவா, அதே கதை. அந்த ஓட்டையை அடைக்க எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் என்று மூன்று ஏற்பாடுகள் பின்னால் வந்தன. இந்த டொமைன் பெயரில் அனுப்ப எந்தச் சர்வர்களுக்கு அனுமதி என்று எஸ்பிஎஃப் பட்டியல் போடுகிறது. டிகிம் கடிதத்தில் மின்னணுக் கையொப்பம் இடுகிறது. நீங்கள் கண்ணால் பார்க்கும் முகவரியோடு இவை பொருந்துகின்றனவா, பொருந்தாவிட்டால் கடிதத்தை என்ன செய்வது என்பதை டிமார்க் சொல்கிறது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும் மொத்தமாக அஞ்சல் அனுப்புவோருக்கு இவற்றைக் கட்டாயமாக்கின. ஆனால் டிமார்க்கை 'கவனித்தால் போதும், தடுக்க வேண்டாம்' என்ற நிலையிலேயே வைத்துவிட்டுச் சும்மா இருக்கும் நிறுவனங்கள் உண்டு.

இதைவிடக் கொடிய இன்னொரு காரணம் இருக்கிறது. சில சமயம் முகவரி போலியே அல்ல. உங்கள் துறைப் பேராசிரியரின் கணக்கையே கைப்பற்றி, அதிலிருந்து அனுப்புகிறார்கள். அப்போது எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் மூன்றுமே பச்சைக்கொடி காட்டும். 2025 அக்டோபரில் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட அறிக்கை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூன்று பல்கலைக்கழகங்களில் கைப்பற்றிய 11 கணக்குகளை வைத்துக்கொண்டு, 25 பல்கலைக்கழகங்களில் ஏறத்தாழ 6,000 முகவரிகளுக்குத் தூண்டில் போட்டிருக்கிறார்கள். வளாகத்தில் நோய்த்தொற்று, ஆசிரியர்மீது நடத்தைப் புகார் என்று, படிக்காமல் விட முடியாத தலைப்புகள். சிக்கியவர்களின் சம்பளம் போய்ச்சேரும் வங்கிக் கணக்கை, ஊழியர் சம்பள விவரங்களைக் கையாளும் வொர்க்டே தளத்தில் மாற்றியிருக்கிறார்கள். மாற்றம் நடந்ததைத் தெரிவிக்கும் அறிவிப்பு கண்ணில் படாமல் தானாகவே அழியும்படி இன்பாக்ஸில் ஒரு விதியையும் எழுதிவைத்திருக்கிறார்கள். திருட்டைவிட இந்தப் பின்யோசனைதான் என்னை அயரவைத்தது.

அவரே மீண்டும்: அப்படியானால் அந்த எஸ்பிஎஃப், டிகிம் விவரங்களைப் பார்ப்பதே வீண்தானா?

பதில்: வீண் இல்லை. ஜிமெயிலில் கடிதத்தின் மூன்று புள்ளிகளைத் தொட்டு 'ஷோ ஒரிஜினல்' போனால் 'பாஸ்', 'ஃபெயில்' என்று தெரியும். டிமார்க் ஃபெயில் என்றால் உதவி மையம் சரிபார்த்துச் சொல்லும்வரை அதைத் தொடாதீர்கள். பாஸ் என்றால் அந்த டொமைனிலிருந்து கிளம்பியது என்று மட்டும் பொருள். அனுப்பியவர் யோக்கியர் என்று அது சொல்லாது.

கேள்வி: வேதியியல் ஆய்வாளர், மெல்பர்ன்
நூலகக் கணக்கு முடியப்போகிறது, உள்நுழைந்து புதுப்பியுங்கள் என்று வந்தது. நூலகக் கணக்கைத் திருடி யாருக்கு என்ன லாபம்?

பதில்: பெரிய லாபம். 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஈரானைச் சேர்ந்த ஒன்பது பேர்மீது குற்றம் சாட்டியது. அமெரிக்காவில் 144 பல்கலைக்கழகங்களும் மற்ற 21 நாடுகளில் 176 பல்கலைக்கழகங்களும் அவர்கள் இலக்கு என்றும், 31 டெராபைட்டுக்கு மேற்பட்ட ஆய்வுத் தகவல்கள் போயின என்றும் குற்றப்பத்திரிகை சொன்னது. அவர்கள் கையாண்ட வழிகளில் ஒன்று நீங்கள் சொல்வதேதான். நூலக உள்நுழைவுப் பக்கத்தைப் போலவே ஒரு பக்கம், அதற்கு ஒரு கடிதம். காசு கொடுத்து வாங்க வேண்டிய ஆய்விதழ்களும் பேராசிரியர்களின் கோப்புகளும் அந்த ஒரு கடவுச்சொல்லுக்குப் பின்னால்தானே இருக்கின்றன!

இணைப்பின் முகவரியைப் படிக்கும் முறையையும் சொல்லிவிடுகிறேன். முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கு (/) முன்னால் நின்று, அங்கிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். 'நூலகம்.பல்கலை.புதுக்கணக்கு.காம்' என்றிருந்தால் அதன் உரிமையாளர் 'புதுக்கணக்கு.காம்'. முன்னால் எத்தனை பல்கலைக்கழகப் பெயர் இருந்தாலும் அது அலங்காரம்.

கேள்வி: அலுவலக ஊழியர், நியூ ஜெர்சி
பாதுகாப்புப் பயிற்சியை முடிக்கச் சொல்லி ஏதோ ஒரு வெளி நிறுவன முகவரியிலிருந்து கடிதம் வந்தது. மோசடி என்று புகார் செய்தேன். கடைசியில் அது உண்மையானதாம். மேலாளர் சிரிக்கிறார்.

பதில்: சிரிக்கட்டும். நீங்கள் செய்தது சரி, அறிவிப்பு அனுப்பியவர்கள்தான் தலைகுனிய வேண்டும். 'தெரியாத முகவரியின் இணைப்பைத் தொடாதீர்கள்' என்று பாடம் நடத்தும் பயிற்சிக்கே தெரியாத முகவரியிலிருந்து இணைப்பு அனுப்பினால் என்ன செய்வது? கருத்துக்கணிப்பு, சம்பளம், பயிற்சி எல்லாவற்றையும் பல்கலைக்கழகங்கள் வெளியாருக்குக் கொடுத்துவிட்டன. உண்மையான கடிதமே தூண்டில் போலத் தோன்றுவதற்குக் காரணம் அதுதான். அனுப்புவதற்கு முன்னாலேயே ஐடி தளத்தில் 'இப்படி ஒரு கடிதம் வரும்' என்று இரண்டு வரி போட்டிருந்தால் உங்களுக்கு இந்தச் சங்கடம் வந்திருக்காது.

கேள்வி: இளங்கலை மாணவர், கலிபோர்னியா
சோதனைக்காகப் பல்கலைக்கழகமே போலி மின்னஞ்சல் அனுப்புவது நியாயமா?

பதில்: எதைப் பற்றி அனுப்புகிறார்கள் என்பதைப் பொறுத்தது. உங்கள் மாநிலத்தில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில், 2024 ஆகஸ்டில் 'வளாகத்தில் எபோலா' என்று ஒரு சோதனைக் கடிதம் போயிற்று. பீதி கிளம்பியது. பிறகு பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது. பொதுச் சுகாதாரச் செய்திகள்மேல் மக்களுக்கு இருக்கும் நம்பிக்கையையே இது குலைக்கக்கூடும் என்று ஒப்புக்கொண்டது. என் கருத்தில் உயிர், உடல்நலம், வேலை ஆகியவற்றைத் தொட்டுச் சோதனை வைக்கவே கூடாது. நாளைக்கு உண்மையான எச்சரிக்கை வரும்போது 'இதுவும் சோதனைதான்' என்று மாணவர்கள் படுத்துத் தூங்குவார்கள்.

உண்மையான அவசரநிலை அறிவிப்பு மின்னஞ்சல் ஒன்றோடு நிற்காது. அமெரிக்காவின் வளாகப் பாதுகாப்புச் சட்டமான கிளெரி சட்டத்தின்படி, ஆபத்து உறுதியானதும் உடனே வளாகத்தாருக்கு அறிவிக்க வேண்டியது அங்குள்ள பல்கலைக்கழகங்களின் கடமை. குறுஞ்செய்தி, இணையதள முகப்பு என்று பல வழிகளில் பொதுவாக வரும். முக்கியமாக, அது உங்கள் கடவுச்சொல்லைக் கேட்காது.

கேள்வி: முதலாண்டு மாணவி, சிகாகோ
மின்னஞ்சலில் இணைப்புக்குப் பதிலாக க்யூஆர் குறியீடு இருந்தால் பாதுகாப்புதானே?

பதில்: இல்லை. இணைப்பைச் சோதிக்கும் வடிகட்டிகள் பலவற்றின் கண்ணுக்கு அது வெறும் படம். உங்களையும் பல்கலைக்கழகக் கணினியிலிருந்து சொந்தக் கைப்பேசிக்கு நகர்த்திவிடுகிறது. மின்னஞ்சலில் வரும் குறியீட்டை ஸ்கேன் செய்யாதீர்கள்.

கேள்வி: கணினி அறிவியல் மாணவர், டொரண்டோ
இருபடிச் சரிபார்ப்பு இருக்கிறதே, கடவுச்சொல் போனால்தான் என்ன?

பதில்: தம்பி, அந்தத் தைரியம் வேண்டாம். போலிப் பக்கம் இடைத்தரகர் வேலை பார்க்கிறது. நீங்கள் இடும் கடவுச்சொல்லையும் ஆறிலக்க எண்ணையும் அந்த நொடியிலேயே உண்மையான தளத்துக்குக் கடத்தி, உள்ளே நுழைந்துவிடுகிறது. பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாக உங்கள் கருவியே அடையாளம் காட்டும் முறை) அல்லது பாதுகாப்புச் சாவி (அதே வேலையைச் செய்யும் சிறு கருவி) இருந்தால் இந்த வித்தை பலிக்காது. அது டொமைனோடு பிணைக்கப்பட்டது, வேறு டொமைனில் பதிலே சொல்லாது. கடவுச்சொற்களைச் சேமித்துவைத்து நிரப்பித் தரும் 'பாஸ்வேர்டு மேனேஜர்' செயலியும் ஓரளவு அப்படித்தான். வழக்கமாகத் தானே நிரப்பும் பெட்டி இன்று காலியாக நின்றால், நீங்களாகத் தட்டச்சு செய்துவிடாமல் முகவரியைப் பாருங்கள்.

கேள்வி: பெயர் வேண்டாம்
கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டேன். இப்போது என்ன செய்வது?

பதில்: முதலில் வேறு கருவியில், முகவரியை நீங்களே தட்டச்சு செய்து கடவுச்சொல்லை மாற்றுங்கள். அதோடு நிறுத்தினால் போதாது. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் அப்படியே இருக்கக்கூடும். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். இன்பாக்ஸ் விதிகளையும் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் அமைப்பையும் திறந்து பாருங்கள். இருபடிச் சரிபார்ப்பில் உங்களுக்குத் தெரியாத கைப்பேசி சேர்ந்திருக்கிறதா என்றும், சம்பளமோ உதவித்தொகையோ வரும் வங்கிக் கணக்கு மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்கிடையில் உதவி மையத்துக்குச் சொல்லிவிடுங்கள். அந்தக் கடிதத்தைச் சாதாரணமாக ஃபார்வர்டு செய்யாமல் இணைப்புக் கோப்பாக (அட்டாச்மென்ட்) அனுப்புங்கள். இல்லாவிட்டால் கடிதம் எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்று காட்டும் 'ஹெடர்' விவரங்கள் காணாமல் போய்விடும். வெட்கப்பட்டு மூன்று நாள் கழித்துச் சொல்கிறவர்களால்தான் எங்களுக்குத் தலைவலி.

கேள்வி: மாணவரின் தந்தை, திருநெல்வேலி
ஐயா, மகன் படிக்கும் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் கட்டண அலுவலகம் என்று எனக்கே மின்னஞ்சல் வந்திருக்கிறது. வங்கிக் கணக்கு மாறிவிட்டதாம்.

பதில்: பணம் அனுப்பாதீர்கள், ஐயா. மகனைக் கூப்பிட்டு, மாணவர் தளத்தில் உள்நுழைந்து கட்டணப் பக்கத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே கல்லூரியில் சேர்ந்த மாணவரின் கல்விப் பதிவுகள்மீதான உரிமை மாணவருக்கே உரியது. அதனால் கட்டண விவகாரத்தையும் பொதுவாக அவரோடுதான் பேசுவார்கள். மகன் உங்கள் பெயரைக் கட்டணம் செலுத்துபவராகச் சேர்க்காமலே கடிதம் வந்திருந்தால், அதுவே சந்தேகத்துக்குப் போதும். 'கணக்கு மாறிவிட்டது' என்ற இதே கதையை நம்பி, 2017இல் கனடாவின் மெக்யூவன் பல்கலைக்கழகமே 1.18 கோடி கனடிய டாலரை மோசடிக்காரர்களுக்கு அனுப்பியது. பெரும்பகுதி பின்னர் மீட்கப்பட்டது என்பது வேறு விஷயம். ஏற்கெனவே பணம் போயிருந்தால் உடனே வங்கிக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள்.

கேள்வி: விரிவுரையாளர், கோயம்புத்தூர்
எங்கள் கல்லூரியில் அறிவிப்புகள் ஜிமெயிலிலும் வாட்ஸ்அப்பிலும் வருகின்றன. சரிபார்க்க ஒரு பக்கம்கூட இல்லை. நாங்கள் எதைச் செய்யலாம்?

பதில்: அங்கே மாணவர்களைக் குறைசொல்லிப் பயனில்லை. சரிபார்க்க இடமே இல்லாதபோது அவர்கள் எங்கே போவார்கள்? 'ஏசி.இன்', 'எடு.இன்' டொமைன்கள் கல்வி நிறுவனங்களுக்கென்றே இருப்பவை. மத்திய அரசின் கல்வி, ஆய்வு வலைப்பின்னல் அமைப்பான எர்நெட் இந்தியா வழியாகத்தான் அவற்றைப் பதிவு செய்ய முடியும். உங்கள் கல்லூரிக்கு அப்படி ஒரு டொமைன் இருந்தால், அலுவலகக் கடிதம் எல்லாம் அதிலிருந்தே போகட்டும். கல்லூரித் தளத்தில் அறிவிப்புக்கென்று ஒரு பக்கம் திறங்கள். ஒவ்வொரு அறிவிப்புக்கும் ஒரு எண் கொடுங்கள். முதலில் அங்கே போட்டுவிட்டு, பிறகு மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அந்த எண்ணைக் குறிப்பிட்டு அனுப்புங்கள். கடிதத்தில் இணைப்பு வேண்டாம், 'தளத்தில் 42ஆம் அறிவிப்பைப் பார்க்கவும்' என்றால் போதும். உதவி மையத்தின் எண்ணை மாணவர் அடையாள அட்டையின் பின்புறம் அச்சிடச் சொல்லுங்கள். முதல்வர் செலவைப் பற்றிக் கேட்டால், அட்டையை எப்படியும் ஆண்டுதோறும் அச்சிடுகிறார்கள், ஒரு வரிதான் கூடும் என்று சொல்லுங்கள்.