பெயர், ஊர், எண்: எல்லையோர வாசகர்களின் ப்ரொஃபைல் கேள்விகள்

பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் நான் நடத்தும் ஆன்லைன் சேவைக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் விண்ணப்பம் போட வருகிறவர்கள். மீதிப்பேர் போனை நீட்டி, "இதுல என் பேரு தப்பா இருக்கு, மாத்திக் குடுங்க" என்பவர்கள். இந்த முறை வந்த கேள்விகளும் பெரும்பாலும் அதே ரகம். பாலக்காட்டுப் பக்கமிருந்தும் மூணாறிலிருந்தும் ஆந்திர எல்லையில் குப்பம், நகரியிலிருந்தும் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு மொழிக்கு நடுவில் வாழ்கிறவர்களுக்கு ப்ரொஃபைலில் ஒரு கட்டத்தை நிரப்புவதுகூட யோசித்துச் செய்ய வேண்டிய வேலை. அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

நான் குப்பத்தில் பிறந்து வளர்ந்த தமிழன். வீட்டில் அப்பா பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். தெலுங்குப் பள்ளியில் சேர்க்கும்போது இண்டிபேரு (தெலுங்கர்களின் குடும்பப் பெயர்) கேட்டார்கள் என்று தாத்தாவின் ஊர்ப்பெயரை முன்னால் எழுதிவிட்டார்கள். ஃபேஸ்புக்கில் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம். எதை எங்கே போடுவது?

தமிழருக்குக் கடைசிப் பெயர் என்று ஒன்று வழக்கத்தில் இல்லை. அப்பா பெயர் ஓர் எழுத்தாகச் சுருங்கி முன்னால் நிற்கும். தெலுங்கர்களின் இண்டிபேரும் முன்னால்தான். எங்கள் பக்கத்து மலையாளிகளில் பலருக்கு வீட்டுப் பெயரும் அப்பா பெயரும் எழுத்துகளாகப் பின்னால் வரும். ஃபேஸ்புக்கின் கட்டங்களோ குடும்பப் பெயரைக் கடைசியில் எழுதுகிற ஊர்க்காரர்களுக்காகச் செய்யப்பட்டவை. குழப்பம் உங்களால் வந்ததல்ல.

நான் எல்லோருக்கும் சொல்வது இதுதான்: முதல் கட்டத்தில் உங்கள் பெயர், கடைசிக் கட்டத்தில் உங்கள் அடையாள அட்டையில் இருக்கிற இன்னொரு சொல். அது அப்பா பெயராக இருக்கலாம், இண்டிபேராகவும் இருக்கலாம். வரிசை மாறினால் பரவாயில்லை, அட்டையில் இல்லாத சொல் மட்டும் வேண்டாம். இதற்கு ஒரே விலக்கு: அட்டையில் வெறும் இனிஷியல்தான் இருக்கிறது என்றால் அதை விரித்து அப்பா பெயரை முழுசாக எழுதுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. சில வருடங்களுக்கு முன் ஒரு தளத்தில் என் கணக்கை யாரோ கைப்பற்றிவிட்டார்கள். மீட்கப் போனபோது அடையாள அட்டை கேட்டார்கள். நான் அங்கே வைத்திருந்தது நண்பர்கள் கூப்பிடும் பெயர், அட்டையில் இருந்தது வேறு. மூன்று முறை அனுப்பியும் பொருந்தவில்லை என்றே பதில் வந்தது. கடைத் திறப்பு விழாப் படங்கள், அம்மாவின் கடைசி ஓணப் படம் எல்லாம் அந்தக் கணக்கோடு போய்விட்டன. அந்த வருத்தம் இன்னும் ஆறவில்லை.

மாற்றும் வழி: செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ் சென்டர், ப்ரொஃபைல்ஸ், அதில் நேம். ஒருமுறை மாற்றினால் அடுத்த 60 நாளுக்கு மறுபடி மாற்ற முடியாது. அதனால் அவசரமாக அழுத்தாதீர்கள், முதலில் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். எண், குறியீடு, டாக்டர், புலவர் மாதிரிப் பட்டங்கள் எதையும் பெயரில் ஏற்கமாட்டார்கள். இரண்டு மொழி எழுத்துகளைக் கலப்பதும் கூடாது. பாதி தமிழிலும் பாதி மலையாளத்திலும் பெயர் எழுத ஆசைப்பட்ட வண்டித்தாவளத்து வாசகருக்கும் இதுவே பதில். முழுக்கத் தமிழில் எழுதலாம், தடையில்லை.

அப்புறம், ஊரில் கூப்பிடுகிற பெயரை விட்டுவிட வேண்டியதில்லை. ப்ரொஃபைல் விவரங்களில் 'வேறு பெயர்' சேர்க்கும் வசதி உண்டு. செல்லப் பெயர், கல்யாணத்துக்கு முந்திய பெயர் எல்லாம் அங்கே போகும். ஆங்கிலத்தில் எழுதும்போது 'த' ஓசைக்கு வெறும் டி போடுவதா, டி-யும் ஹெச்-சும் போடுவதா என்பது எல்லையைத் தாண்டினால் மாறிவிடுகிறது. பள்ளித் தோழர் ஒருவர் ஒரு விதமாகவும் இன்னொருவர் வேறு விதமாகவும் தேடுவார்கள். அட்டையில் உள்ள ஸ்பெல்லிங்கை மேலே வைத்து, மற்றதை வேறு பெயரில் போட்டுவிடுங்கள்.

தமிழில் பெயர் எழுதினால் பாதியில் வெட்டுப்படுகிறது. ஆங்கிலத்தில் அதே பெயர் நன்றாகப் போகிறது. ஏன்? (வாளையாறு)

நாம் எண்ணுவது எழுத்தை, பல செயலிகள் எண்ணுவது ஒருங்குறியின் (யூனிகோடின்) குறிகளை. 'செ' நமக்கு ஓர் எழுத்து. அங்கே 'ச' ஒன்று, ஒற்றைக்கொம்பு ஒன்று, ஆக இரண்டு. புள்ளி வைத்தாலும் இரண்டுதான். 'செந்தில்குமார்' நம் கணக்கில் 7 எழுத்து, அந்தக் கணக்கில் 14. பக்கத்தில் ஓர் இடைவெளி விட்டு 'முத்துசாமி' சேர்த்தால் சரியாக 25 ஆகிவிடும். 25 வரைதான் இடம் என்றால் 'முத்துச்சாமி' என்று ஒரு 'ச்' கூட்டினாலே கடைசி 'மி' விழுந்துவிடும்.

இன்ஸ்டாகிராம் பயோவுக்கு 150, எக்ஸ் தளத்தில் பெயருக்கு 50, அறிமுகத்துக்கு 160 என்று அளவு வைத்திருக்கிறார்கள். தமிழில் எழுதுகிறவர்கள் பாதி இடம்தான் இருப்பதாக நினைத்துக்கொண்டு எழுதினால் சரியாக வரும். கட்டத்தின் ஓரத்தில் ஓடும் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சொந்த ஊர் சித்தூர் என்று போட்டால் ஆந்திரா சித்தூரைக் காட்டுகிறது. நான் பாலக்காட்டுச் சித்தூர்க்காரி.

எனக்குப் பக்கத்து ஊர் நீங்கள், இந்தத் தொல்லை எனக்கும் தெரியும். சோகநாசினி ஓடுகிற, எழுத்தச்சன் குருமடம் இருக்கிற நம் சித்தூரையும், வேலூர் தாண்டிப் போகிற அந்தச் சித்தூரையும் தமிழில் ஒரே மாதிரிதான் எழுதுகிறோம். ஆங்கிலத்தில் வித்தியாசம் உண்டு: ஆந்திராவினுடையதில் இரண்டு ஓ, நம்முடையதில் ஒரு யு. ஊர்க் கட்டத்தில் தமிழில் தட்டாமல் ஆங்கிலத்தில் யு போட்டுத் தட்டுங்கள். கீழே விரியும் பட்டியலில் கேரளா என்று இருப்பதைத் தொட வேண்டும். தட்டியதை அப்படியே விட்டுவிட்டால் செயலி தன் இஷ்டத்துக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளும். அப்படியும் வரவில்லை என்றால் தத்தமங்கலம் என்று தேடிப் பாருங்கள், நகராட்சிப் பெயரே சித்தூர்-தத்தமங்கலம்தான்.

சத்தியவேட்டிலிருந்து ஒருவர், தன் ஊர்ப்பெயருக்குப் பக்கத்தில் இன்னும் சித்தூர் மாவட்டம் என்றே வருவதாக எழுதியிருந்தார். 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டமானபோது சத்தியவேடு அதற்குள் போய்விட்டது. பட்டியலில் பழைய பெயர் இருந்தால் நீங்கள் மாற்ற முடியாது. ஊர்ப்பெயர் சரியாக இருந்தால் போதும். அறிமுக வரியில் மாவட்டத்தை நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

கொல்லங்கோட்டிலிருந்து கோயம்புத்தூருக்கு வேலை மாறினேன். புது சிம் வாங்கிவிட்டேன். பழைய கேரளா நம்பர்தான் எல்லாக் கணக்கிலும் இருக்கிறது. மெதுவாக மாற்றிக்கொள்ளலாமா?

மெதுவாக வேண்டாம், இன்றைக்கே. இந்தக் கேள்விக்குத்தான் நான் மிகவும் கவலைப்படுகிறேன். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் துண்டிக்கப்படும். துண்டித்து 90 நாள் போன பிறகு அதே எண்ணை இன்னொருவருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. உங்கள் கணக்குக்கு வரவேண்டிய ஓடிபி அன்றிலிருந்து முகம் தெரியாத ஒருவர் கையில் விழும். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அதை நம்பி இருக்க முடியாது.

வரிசை முக்கியம். பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே புது எண்ணைச் சேர்த்து, ஓடிபி போட்டு உறுதி செய்யுங்கள். அது முடிந்த பிறகு பழையதை எடுங்கள். பலர் முதலில் பழையதை எடுத்துவிட்டு நடுவில் மாட்டிக்கொள்கிறார்கள். மின்னஞ்சல் முகவரி ஒன்றும் கணக்கில் இருக்கட்டும், அதன் கடவுச்சொல் நினைவில் இருக்கிறதா என்று ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

வாட்ஸ்அப் மட்டும் தனி. புது எண்ணில் புதிதாகக் கணக்குத் தொடங்காதீர்கள். செட்டிங்ஸ், அக்கவுண்ட், சேஞ்ச் நம்பர் என்று போய் மாற்றினால் குழுக்கள் எல்லாம் அப்படியே கூட வரும். குழுக்களுக்குத் தானாகத் தகவல் போய்விடும். தனித்தனி ஆட்களுக்குச் சொல்வதா என்பதை நீங்கள் முடிவு செய்யலாம்.

இன்னொன்று. எண்ணையே மாற்றாமலும் இருந்திருக்கலாம். 2015 ஜூலை முதல், வேறு மாநிலத்துக்குப் போனாலும் அதே எண்ணோடு போர்ட் செய்ய முடியும். அடுத்த மாதம் எல்லை தாண்டப் போகிறவர்கள் இதை யோசித்துப் பாருங்கள்.

நகரியில் புடவை நெய்து இன்ஸ்டாகிராமில் விற்கிறோம். யூசர்நேமைத் தமிழில் மாற்றலாமா?

முடியாது. அங்கே ஆங்கில எழுத்து, எண், புள்ளி, அடிக்கோடு மட்டும்தான், 30 குறி வரை. ஆனால் அதற்கு மேலே இருக்கும் 'நேம்' கட்டத்தில் தமிழ் போகும். கடைப் பெயரை அங்கே தமிழில் வையுங்கள். 14 நாளில் இரண்டு முறைதான் அதை மாற்றவிடுவார்கள்.

யூசர்நேமில் கை வைக்குமுன் விசிட்டிங் கார்டையும் பில் புத்தகத்தையும் எடுத்துப் பாருங்கள். அதில் அச்சிட்ட முகவரியும் கியூஆர் கோடும் பழைய பெயருக்குத்தான் போகும். மாற்றிய பிறகு அந்தப் பழைய பெயரை வேறொருவர் எடுத்துக்கொள்ளவும் கூடும். நெசவு செய்து சேர்த்த நல்ல பெயர் அவர் கைக்குப் போகக் கூடாது. வலுவான காரணம் இல்லையென்றால் யூசர்நேமை அப்படியே விடுங்கள்.

மகள் கல்லூரிக்குப் போகிறாள். ப்ரொஃபைல் படத்தை யாரும் எடுக்காமல் இருக்க என்ன செய்வது? (மீனாட்சிபுரம்)

அம்மா, ஃபேஸ்புக்கில் பெயர், ப்ரொஃபைல் படம், அட்டைப்படம் இவை எப்போதும் எல்லோருக்கும் தெரியும். மறைக்கும் வழி கிடையாது. ஆனால் 2020 மே மாதத்தில் இந்தியாவுக்கு 'லாக் ப்ரொஃபைல்' வந்தது. ப்ரொஃபைலில் மூன்று புள்ளியைத் தொட்டால் இருக்கும். அதைப் போட்டுவிட்டால் நண்பர் அல்லாதவர்கள் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்க முடியாது, மற்ற பதிவுகளையும் பார்க்க முடியாது.

வாட்ஸ்அப்பில் பிரைவசிக்குள் போய் ப்ரொஃபைல் போட்டோவை 'மை கான்டாக்ட்ஸ்' என்று வைக்கச் சொல்லுங்கள். பிறந்தநாளைப் பொறுத்தவரை ஃபேஸ்புக்கில் தேதிக்கும் வருடத்துக்கும் தனித்தனிப் பூட்டு உண்டு. தேதி நண்பர்களுக்கு, வருடம் 'ஒன்லி மீ' என்று வைப்பது நல்லது. முழுப் பிறந்த தேதி பல இடங்களில் அடையாளம் சரிபார்க்கக் கேட்கப்படுகிற விவரம். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: அவளோடு உட்கார்ந்து, அவளைக் கேட்டு மாற்றுங்கள். அவள் தூங்கும்போது போனை எடுத்து மாற்றாதீர்கள்.

எனக்கு 15 வயது. இன்ஸ்டாகிராமில் பிறந்த வருடத்தை மாற்றினால் பெரியவர்கள் கணக்காகிவிடுமா?

தம்பி, எளிதில் ஆகாது. 18-க்குக் கீழே இருந்து மேலே மாற்றினால் வயதை நிரூபிக்கச் சொல்வார்கள், அட்டையோ வீடியோ செல்ஃபியோ கேட்பார்கள். 2025 பிப்ரவரி முதல் இந்தியாவில் உன் வயதுக்காரர்களுக்கு 'டீன் அக்கவுண்ட்' வந்திருக்கிறது. கணக்கு தானாகவே பிரைவேட் ஆக இருக்கும், தெரியாதவர்கள் செய்தி அனுப்ப முடியாது. 16 ஆகும்வரை இதைத் தளர்த்த அப்பா அம்மா ஒப்புதல் வேண்டும். தவறான வருடம் போட்டு வைத்தால் நாளைக்குக் கணக்கு முடங்கும்போது உன் அட்டையோடு ஒத்துவராது.

வேலை தேடுகிறேன். லிங்க்ட்இன்னில் திருத்துவது மேலாளருக்குத் தெரிந்துவிடுமா?

திருத்துமுன் செட்டிங்ஸில் 'ஷேர் ப்ரொஃபைல் அப்டேட்ஸ்' என்பதை அணைத்துவிடுங்கள். அறிவிப்பு போகாது. ஆனால் அவரே உங்கள் ப்ரொஃபைலைத் திறந்தால் பார்த்துவிடுவார்.

மூணாறு எஸ்டேட்டில் இருக்கிறோம். என் வீட்டுக்காரர் தவறிவிட்டார். ஒவ்வொரு வருடமும் அவர் பிறந்தநாள் என்று ஃபேஸ்புக் நினைவூட்டுகிறது. பையன் அழுகிறான். அந்தத் தேதியை நான் அழிக்க முடியுமா?

அக்கா, தேதியை அழிக்க அவர் கணக்குக்குள் நீங்கள் நுழைய வேண்டிவரும். இன்னொருவர் கணக்கில் நுழைவதை ஃபேஸ்புக் விதி அனுமதிப்பதில்லை. ஆனால் உங்களுக்கு வேண்டியது நடக்க வேறு வழி இருக்கிறது. அவர் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றச் சொல்லி விண்ணப்பிக்கலாம். மாறிய பிறகு பெயருக்குப் பக்கத்தில் நினைவுகூர்கிறோம் என்ற பொருளில் ஒரு சொல் வரும். பிறந்தநாள் நினைவூட்டல் நின்றுவிடும். அவர் போட்ட படங்கள், எழுதியவை எல்லாம் முன்பு யாருக்குக் காட்டினாரோ அவர்களுக்கு அப்படியே இருக்கும். அதன்பின் யாரும் அதற்குள் நுழைய முடியாது.

அவர் உயிரோடு இருந்தபோது யாரையாவது 'லெகசி கான்டாக்ட்' (மறைவுக்குப் பின் கணக்கைப் பார்த்துக்கொள்பவர்) என்று வைத்திருந்தால் அந்த ஆள் ப்ரொஃபைல் படத்தை மாற்றலாம், ஒரு குறிப்பை மேலே நிறுத்தலாம். செய்திகளைப் படிக்க முடியாது. வைக்கவில்லை என்றாலும் விண்ணப்பம் போட முடியும். மாற்றிய பிறகு திரும்பப் பழையபடி ஆக்குவது சிரமம், அதனால் பையனிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுச் செய்யுங்கள். அவனுக்குப் பிடித்த படங்களை உங்கள் கணக்கிலிருந்தே திறந்து முதலில் போனில் சேமித்துக்கொள்ளுங்கள்.

இறப்புச் சான்றிதழின் தெளிவான படம் கையில் இருக்கட்டும். ஃபேஸ்புக்கின் உதவிப் பக்கத்தில் அதற்கான படிவம் இருக்கிறது. மூணாறில் எந்த அக்ஷயா (கேரள அரசின் இணையச் சேவை) மையத்திலும் ஸ்கேன் செய்து தருவார்கள். படிவம் நிரப்பத் தெரியவில்லை என்றால் எனக்கு எழுதுங்கள், ஞாயிற்றுக்கிழமை போனில் கூடவே இருந்து நிரப்பித் தருகிறேன்.